கடைசிக் கட்டை

எல்லாரும் சௌக்கியமா கண்ணுங்களா? முட்டிவலியெல்லாம் தேவலையா? துனிசியாவுல, துனிஸ் நகரத்துப் பக்கத்துல மாண்டிசோரி ஆசிரியைப் பயிற்சி முடிச்ச இப்திஸாம் கதையைக் கேளுங்க.

அந்தப் பயிற்சியின் கடைசிப் பரீட்சையில் தேர்வாளரே குழந்தையாக உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்புச் செய்வார். குழந்தை தானே கண்டுபிடிக்கும்வரை ஆசிரியை திருத்தவே கூடாது. போன முறை அவசரப்பட்டுத் திருத்தித்தான் இப்திஸாம் தோற்றாள். இன்றும் தோற்றால், இந்தப் பள்ளியில் தருவதாகச் சொன்ன வேலை போய்விடும். வகுப்பறையில் தேர்வாளருக்காகக் காத்திருந்தாள்.

கதவைத் திறந்து, ரொட்டிப் பையோடு ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இங்கதானே..."

இப்திஸாம் உதட்டில் விரல் வைத்து, அவளைக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள். மர உருளைக் கட்டைகளைப் பலகையின் குழிகளில் மெதுவாகப் பொருத்திக் காட்டினாள்.

"இப்ப நீங்க செய்யுங்க."

"நானா? கிறுக்கா உனக்கு?"

தேர்வாளர் என்னமா நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் இப்திஸாம்.

அம்மாள் பெரிய குழியில் சின்னக் கட்டையைப் போட்டாள். இப்திஸாமுக்குக் கை துடித்தது. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடைசிக் கட்டை எதிலும் நுழையவில்லை.

"சொல்லித் தொலையேன்டி! ஊமையா நீ?"

அம்மாள் முறைத்துவிட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பித்தாள்.

அப்போது மூச்சிரைக்க இன்னொரு பெண் உள்ளே வந்தாள்.

"மன்னிக்கணும், ரயில் லேட்டு. தேர்வாளர் நான்தான். இவங்க யாரு?"

இப்திஸாம் சட்டென்று அம்மாள் பக்கம் திரும்பினாள்.

"பையனை இந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கலாமான்னு கேக்க வந்தேன்," என்றாள் அம்மாள், தலை நிமிராமல். "அது கெடக்கட்டும். வெளிச்சத்தை மறைக்காதீங்க மேடம், இந்தக் கட்டை எங்க போகும்னு நானே கண்டுபிடிக்கிறேன்."

தேர்வாளர் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்.

"வேலை செய்யற குழந்தையைக் கலைக்கக் கூடாது," என்று இப்திஸாமின் காதில் கிசுகிசுத்தார். "நீ பாஸ்."

உங்களுக்கும் இப்படி ஆள் மாறிப்போச்சா? எனக்கு எழுதுங்க கண்ணுங்களா.