தப்பாக எடுத்த நகல்

“ஊர் உலகத்துக்கெல்லாம் அச்சு அசலா ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார். பெத்த பிள்ளைக்கு மட்டும் தப்பா எடுத்துட்டார்.”

அம்மா இதைச் சொன்னது அப்பாவின் முன்னால்தான். பக்கத்து வீட்டு அக்காவும் இருந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் டீ டம்ளருக்குள் பார்த்தாள்.

அப்பா ஜெராக்ஸ் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து மகளிடம் கேட்டார்.

“இன்னைக்குத்தானேம்மா ரிசல்ட்? நானும் வரட்டுமா?”

“வேண்டாம்ப்பா. நானே போய்க்கிறேன்.”

மகளுக்கு இது முதல் கர்ப்பம். பரிசோதனை செய்துகொள் என்று நாள் தவறாமல் நச்சரித்தவர் அப்பாதான்.

அவளுடைய அண்ணன், தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகிற நோயில் இறந்தவன். முதலில் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. பிறகு நடக்க முடியவில்லை. கடைசியில் முகத்தில் உட்கார்ந்த கொசுவை விரட்டக்கூட யாராவது வர வேண்டியிருந்தது. பரம்பரையாக வருகிற நோய் என்றார்கள். யார் வழியாக வந்தது என்று கேட்டுவர அப்பா மட்டும் மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வந்து, “என்கிட்டேயிருந்துதான் வந்திருக்காம்” என்றார்.

அன்றைக்குத் தொடங்கிய திட்டு, அண்ணன் போன பிறகும் நிற்கவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், ஃபேன் கிறீச்சிட்டாலும், பேச்சு சுற்றி வளைத்து அப்பாவின் ரத்தத்தில் வந்துதான் நிற்கும்.

மருத்துவமனையில், அண்ணனைப் பார்த்த அதே டாக்டரம்மா இருந்தார்.

“உங்ககிட்ட அந்தப் பழுது இல்லை. நிம்மதியா பெத்துக்குங்க.”

மகள் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்பாகிட்ட இருந்தது எனக்கு எப்படி டாக்டர் வராமப் போச்சு?”

“அப்பாகிட்டயா?” டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். நாக்கை அழுத்திப் பார்க்கிற குச்சிகளில் நான்கை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இந்த ரெண்டும் அம்மாவோடது. ரெண்டுமே எக்ஸ் குரோமோசோம். இதுல ஒண்ணுல இருக்கிற மரபணு பழுதானாலும், இன்னொண்ணு சமாளிச்சுக்கும். பெரும்பாலும் வெளியிலேயே தெரியாது. அந்த ரெண்டும் அப்பாவோடது. ஒண்ணு எக்ஸ்...” நான்காவது குச்சியைப் பாதியாக உடைத்தார். “இது ஒய். மகனுக்கு அப்பா கொடுக்கிறது இந்த உடைஞ்ச குச்சியைத்தான். எக்ஸ் அம்மாகிட்டேயிருந்துதான் வரும். இந்த நோய்க்கான பழுது எக்ஸ்லதான் இருக்கு. மகன்கிட்ட ஒரே எக்ஸ், சமாளிக்க இன்னொண்ணு கிடையாது.”

“அப்போ எங்கப்பா?”

“உங்கப்பா கொடுத்ததுல ஒரு பழுதும் இல்லை. இதே மாதிரி குச்சி வெச்சு அவருக்கும் அன்னைக்கே சொன்னேனே.”

மகள் நேராகக் கடைக்குப் போனாள். அவளைக் கண்டதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “உனக்கு இல்லைதானே?” இல்லை என்றதும் ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்தினார்.

“ஏம்ப்பா பொய் சொன்னீங்க?”

அப்பா இயந்திரத்தின் மூடியை மெதுவாக மூடினார்.

“அவ தாங்குவாளா? அவனைத் தூக்கினது, குளிப்பாட்டினது, புரட்டிப் படுக்க வெச்சது எல்லாம் அவதான். தன்கிட்டேயிருந்து போனதுன்னு தெரிஞ்சா அவ உசிரோட இருப்பாளா? என்னைத் திட்டுற அன்னைக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிடுறா. திட்டிட்டுப் போகட்டும்.”

அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மகளின் வயிற்றில் கையை வைத்து, கண்ணீர் விட்டாள். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தாள்.

“உங்கப்பா தப்பா எடுத்த நகல் உனக்காவது வராமப் போச்சே...”

“போதும்மா. இனிமே அப்பாவை ஒரு வார்த்தை சொல்லாதே.”

மேலே சொல்ல முடியாமல் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா அவளையே பார்த்தாள்.

“குச்சி வெச்சுக் காட்டினாங்களா?”

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஒண்ணைப் பாதியா உடைச்சு?” என்றாள் அம்மா. “உங்கண்ணனுக்குக் கால் பயிற்சி கொடுத்த ரூமுக்கு வெளியில நாங்க அம்மாக்கள் எல்லாம் வரிசையா உட்கார்ந்திருப்போம். உள்ளே இருக்கிறது பூரா பையன்கள். ஏன் பொண்ணு ஒண்ணுகூட வரலைன்னு ஒருத்திகிட்ட கேட்டேன். டாக்டரம்மா அவளுக்குக் காட்டின மாதிரியே அவ குச்சி வெச்சுக் காட்டிட்டா. அன்னைக்கு என் கைப்பையைக்கூட என்னால தூக்க முடியலை.”

“அப்போ எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா அவரைத் திட்டுறே?”

“பிள்ளைக்கு ஒண்ணும் செய்ய முடியலையேன்னு துடிச்ச மனுஷன். எனக்காவது ஒண்ணு செஞ்சிருக்கோம்னு நெனைச்சுக்கிட்டிருக்கார். நான் திட்டுறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்.”

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, குரலை உயர்த்தினாள்.