நாலு விரல் இடைவெளி

உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டிய அந்த மலைவீட்டின் படுக்கையறை அலமாரி சுகிர்தா போட்ட திட்டம். கம்பளிக்கு மேல்தட்டு, புடவைக்கு நடுத்தட்டு, நீளமான கோட்டுகளைத் தொங்கவிட ஓர் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கீழறை. ஆசாரி மரியான் மட்டும் அலமாரிக்கும் உத்தரத்துக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டிருந்தார்.

“மரம் காயக் காய வீடு கீழ இறங்கும்மா. இதை அடைச்சிராதீங்க.”

அவர் போன மறுநாளே, பல்லி வந்து அடையும் என்று சுகிர்தா பலகை வைத்து அடைத்துவிட்டாள்.

மழை விட்டு வெயில் ஏறியதும் அலமாரி முனக ஆரம்பித்தது. இன்று காலையில் கதவைச் சாத்தவே முடியவில்லை. அவள் போய் மரியானை அழைத்து வந்தபோது அதே கதவு இறுகச் சாத்தியிருந்தது.

மரியான் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். “வீட்டுப் பாரமெல்லாம் இது மேலதான் நிக்குது. இந்தக் கதவுதான் இப்ப முட்டு. திறந்தா மொத்தமும் உட்கார்ந்துரும். ஜாக்கி எடுத்துட்டு வரேன், யாரும் தொடாதீங்க.”

அவர் வெளியே ஓடியதும் பக்கத்து வீட்டுச் சிறுமி எட்டிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, நிவி எங்க ஒளிஞ்சிருக்கா? தேடித் தேடிப் பார்த்துட்டேன்.”

சுகிர்தா அலமாரிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சிறுமி தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

அலமாரிக்குள்ளிருந்து மகளின் குரல் கிசுகிசுத்தது.

“அம்மா, அவ போயிட்டாளா? நான் வெளிய வரட்டுமா?”