முதலில் ஏறியவள்

பானெட்டில் பட்ட வெயில் அவன் கண்ணைக் கூசச் செய்கிறது. மெக்கானிக் கூலியை மிச்சம்பிடிக்க, பிரேக் டிஸ்க், பேட், ஆயில் ஹோஸ் எல்லாவற்றையும் தானே வாங்கி, தானே மாற்றியிருக்கிறான். மாலையில் நிறைமாத மனைவி இந்தக் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எத்தனை துடைத்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பிரேக்கை மிதித்துப் பார்க்கிறான், கெட்டியாகத்தான் இருக்கிறது. மறுபடியும் மிதிக்கிறான். ஏதோ ஒரு நட்டை முடுக்க மறந்துவிட்டதுபோலவே இருக்கிறது. அப்போது பக்கத்துக் கதவு திறக்கிறது. சிக்கனத்துக்கும் ஓர் அளவில்லையா என்று காலையிலிருந்து முணுமுணுத்த மாமியார் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்கிறாள்.

“நீங்க எதுக்கு அத்தை? பிரேக் பிடிக்கலைன்னா...”

“இதை இழுக்கணும், அவ்வளவுதானே?” ஹேண்ட் பிரேக்கின்மேல் கையை வைக்கிறாள். “நான் பக்கத்துல இருந்தாத்தான் மாப்பிள்ளை மெதுவா ஓட்டுவீங்க.”

அவள் உதடுகள் ஓசையில்லாமல் கடவுளைக் கூப்பிடுகின்றன. கார் உருள்கிறது. அவன் மிதிக்கிறான், புது பேட் டிஸ்க்கில் உரசி முனகுகிறது. கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் கார் நிற்கிறது. பின்சீட்டிலிருந்து ஸ்பானர் ஒன்று சரிந்து விழுந்து, அந்தச் சத்தமும் அடங்குகிறது. அதன் பிறகுதான் அவள் கையை எடுக்கிறாள்.

“இனிமே என் பொண்ணு ஏறலாம்.”