நட்சத்திரம் விரியவில்லை

"காப்பி எடுத்துக்கிட்டீங்களா?" கூடத்திலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"எடுத்துக்கிட்டேன், எடுத்துக்கிட்டேன்!" மீசையைத் துடைத்தபடி, காலிக் கோப்பையைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார் ஆலோசகர். யாருக்கு என்ன ஆலோசனை சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது.

கூடத்தில் அச்சகக்காரர் காத்திருந்தார். ஆலோசகரின் சுயசரிதை 'நட்சத்திரம் என்றால் நான்' இன்று அவர் கைக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் யாரோ ஒருவரின் சமையல் குறிப்புகள் அச்சேறிவிடும்.

அதற்குமுன் 'பழசு' ஃபோல்டரில் கிடந்த வரைவுகளை ஒழித்துக்கட்ட வேண்டியிருந்தது. அவற்றில் ஆங்காங்கே உண்மை கலந்திருந்தது.

இதற்கென்றே 'துடை' என்றொரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். ஃபைலின் பெயரைக் கொடுத்தால் அந்த ஃபைலை அழிக்கும். வெறும் நட்சத்திரக் குறியை (*) கொடுத்தால் 'பழசு' முழுவதையும் வாரிக் கொட்டிவிடும்.

அறை வாசலில் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கணினி வேலைதான், சம்பளமும் கூடுதல். இந்தத் தகவல் சுயசரிதையில் இல்லை.

"ஏங்க, நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. சும்மா விட்டா, ஸ்கிரிப்டுக்குப் போறதுக்கு முன்னாடியே, கட்டளையை வாங்கற ஷெல் அதை விரிச்சிடும். நீங்க நிக்கிற ஃபோல்டர்ல இருக்கற பேரையெல்லாம் வரிசையா உள்ள தள்ளிடும்."

"மேற்கோளா? நாளைக்கு ஊரே என்னை மேற்கோள் காட்டப் போகுது. நான் போய் மேற்கோள் போடறதா?"

"புத்தகம் பூரா உங்க பொன்மொழிக்குப் போட்டுத் தள்ளியிருக்கீங்களே. அதுல ஒரு ஜோடி இங்க போட்டா குறைஞ்சா போயிடும்?"

"ஷெல்லை எப்படி அடக்கணும்னு எனக்குத் தெரியும். நீ போய் அவர்கிட்ட பேசிட்டிரு."

அவள் போனாள். ஆலோசகர், சுயசரிதையின் அத்தியாயங்களோடு தாம் வழக்கமாகக் குடியிருக்கும் 'நான்' ஃபோல்டரில் நின்றபடி துடை என்று தட்டி, பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தையும் தட்டினார். மேற்கோள் போடவில்லை.

திரையில் ஏதேதோ பெயர்கள் மளமளவென்று ஓடின. கடைசியில் ஒரு கேள்வி கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. தம்மைக் கேள்வி கேட்பவர்களை ஆலோசகருக்கு ஆகாது. 'ஆமாம்' என்று ஒரே தட்டாகத் தட்டி அதன் வாயை அடைத்தார்.

எட்டிப் பார்த்தால் 'பழசு' அப்படியே கிடந்தது. "என்கிட்டயேவா?" மறுபடியும் அதே கட்டளை. இந்த முறை ஒரு பெயரும் ஓடவில்லை. நட்சத்திரம் முழுசாக ஸ்கிரிப்டுக்குள் போய்ச் சேர்ந்தது. 'பழசு' பளிச்சென்று காலியானது.

"இங்க வா! நட்சத்திரம் விரியல பாரு! மேற்கோளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஷெல் வாலைச் சுருட்டிக்கிச்சு!"

மனைவி வந்தாள். பின்னாலேயே அச்சகக்காரரும் பென் டிரைவோடு வந்து நின்றார். அவள் குனிந்து எதையோ தட்டிப் பார்த்தாள்.

"அது ஒண்ணும் அடங்கலைங்க. பேரு எதுவும் அகப்படலைன்னா ஷெல் நட்சத்திரத்தை அப்படியே விட்டுடும். விரிக்கறதுக்கு 'நான்'ல ஒரு அத்தியாயம்கூட இல்ல. முதல் தடவையே உங்களை நீங்களே துடைச்சுட்டீங்க."

ஆலோசகர் திரையை மேலும் கீழும் உருட்டித் தேடினார்.

"சரி, பதறாதீங்க. அதான் காப்பி எடுத்துக்கிட்டேன்னு சொன்னீங்களே. அதை இவர் பென் டிரைவ்ல ஏத்திடலாம். எங்க வெச்சிருக்கீங்க?"

ஆலோசகர் காலிக் கோப்பையைப் பார்த்தார்.

"குடிச்சிட்டேன்."