ஏழாவது நிறம்

மேடைக் கம்பளத்தில் ஆறு நிறங்களில் டேப் துண்டுகள். இந்த ராக் குழுவில் இருந்துவிட்டுப் போன ஆறு டிரம்மர்களும் தங்கள் டிரம்மின் இடத்தைக் குறித்தவை. சிவப்பு வெளிநாடு போனது, மஞ்சள் சண்டை போட்டுப் போனது. முதல் நாளிலிருந்து நிலைத்திருப்பவள் பேஸ் கிடார் வாசிக்கும் அக்கா மட்டும்தான்.

"எனக்கு எந்தக் கலர்க்கா?" என்கிறாள் ஏழாவது டிரம்மராக வந்திருக்கும் நர்ஸ்.

"முதல்ல வாசி. நீ நிப்பியான்னு பார்க்கலாம்."

சாயும் வெயிலில் மைதானமே விசிலடிக்கிறது. நர்ஸ் வெளுத்து வாங்குகிறாள். பெடலின் ஒவ்வொரு மிதிக்கும் பெரிய டிரம் முன்னால் நகர்கிறது. அக்கா ஓடிப்போய்க் காலால் அதற்கு முட்டுக்கொடுத்தபடியே வாசிக்கிறாள். அடி ஒவ்வொன்றும் முழங்கால் வழியே ஏறி நெஞ்சுக்கூட்டை உலுக்குகிறது. பாட்டு பாதிகூட ஆகவில்லை. பேஸுக்கு ஓய்வு கிடைத்த நொடியில், பையிலிருந்து, கம்பளத்தில் இதுவரை இல்லாத பச்சை டேப்பை எடுத்துப் பல்லால் கிழிக்கிறாள்.