மதகுக்கு மீசை

"மதகுக்கு மீசை இருக்குதாம் டாக்டரு. அந்தப் புள்ள சொல்லுது."

டாக்டர் தணிகைவேல் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். பாரீசில் மூன்று வருஷம் மனநோய் படித்துவிட்டு வந்து பாகூரில் கிளினிக் வைத்திருப்பவர் அவர். அங்கே பெரிய பெரிய பேராசிரியர்கள் பாடம் நடத்தியபோதுகூட அவருக்கு இப்படிப் புல்லரித்ததில்லை. எதிரே குருவிநத்தத்துக் கரும்பு விவசாயி பலராமன், நாற்பது பக்க நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன் பெரிய மீசையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். பலராமனின் மகள் குப்பம்மாளுக்கு ஆறு வயது. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மதகு. அதைத் தாண்டச் சொன்னால் அலறுகிறாள், வாயைத் திறந்து முழுங்கிவிடுமாம். பூசாரி வேப்பிலை அடித்தார், கயிறு கட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் கிடக்கட்டும், பலராமனின் கவலை வேறு. இவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. மிச்சம் இது ஒன்றுதான். பயத்திலேயே இதற்கும் ஏதாவது ஆகிவிட்டால்?

குழந்தை வேறு என்னென்ன சொல்கிறாள் என்று டாக்டர் முதல் நாள் கேட்டபோது, தெரியாது என்றார் பலராமன்.

"நான் அதுகிட்ட பேசறதில்லீங்க."

மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அந்தப் பக்கத்தில் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார். நாலாவது பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு, ஒரு முறம் தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விற்றாயிற்று. பெயருக்குத்தான் விற்றது, வளர்வது இவர் வீட்டில்தான். ஆனால் விற்ற பிள்ளையை வாய்நிறைய மகளே என்று கூப்பிட்டால், மடியில் வைத்துக் கொஞ்சினால், எமனுக்குத் தெரிந்துவிடுமே! அதனால் ஆறு வருஷமாக அவள் இருக்கும் பக்கமே அவர் திரும்புவதில்லை.

டாக்டருக்கு அங்கேயே பொறி தட்டியது. முகம் கொடுக்காத அப்பாவிடம் அவளுக்குள்ள பயம்தான் மதகின்மேல் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது! புது ஆள் எதிரே போய் நின்றால் பயம் பதுங்கிக்கொள்ளும். ஆகவே தகப்பனே தினமும் சாயங்காலம் அவளெதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும், அவள் சொல்வதை அப்படியே எழுதி வியாழக்கிழமைதோறும் கொண்டுவர வேண்டும் என்றார். பலராமன் ஆடிப்போய்விட்டார். கொஞ்ச வேண்டாம், கேட்டு எழுதினால் போதும், இதுவும் ஒரு மருந்துதான் என்று டாக்டர் அடித்துச் சொன்ன பிறகே சம்மதித்தார்.

அதிலிருந்து வியாழக்கிழமை வந்தால் டாக்டருக்கு இருப்புக்கொள்ளாது. என்ன குழந்தை அது! பனைமரங்களெல்லாம் வரிசையாக மதகுக்குக் குளிக்கப் போகின்றனவாம். தண்ணீருக்கடியில் மூன்று பிள்ளைகள் சோழி விளையாடுகிறார்களாம், நாலாவது ஆளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்களாம். அந்தப் பக்கத்தை டாக்டர் திரும்பத் திரும்பப் படித்தார்.

மதகுக்கு மீசை உண்டா என்று கேட்டுப் பாருங்கள் எனப் போன வாரம் சொல்லியனுப்பியவர் டாக்டர்தான். இதோ, உண்டு என்று வந்துவிட்டது. மதகுதான் அப்பா என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

"நாம படிச்சதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க, பலராமன்," என்றார். நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

பலராமனும் அதே நிலையில்தான் இருந்தார். இத்தனை நாள் அந்தத் தலைக்குள் இவ்வளவு இருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் வயலில் கால் நிற்பதில்லை, நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாராம். ஒரு நோட்டு தீர்ந்து இரண்டாவது நடக்கிறது. பயம் மட்டும் குறைந்தபாடில்லை, வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டே போகிறது.

டாக்டர் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதித் தம் பழைய பேராசிரியருக்கு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அற்புதம் என்று ஆரம்பித்தவர், அடுத்த வரியிலேயே பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு குழந்தை, அதுவும் தகப்பன் எழுதிக் கொடுத்தது. கேள்வியிலேயே பதிலையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். இருக்கட்டும், அந்தக் குழந்தையை நீங்கள் ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

டாக்டருக்குச் சுருக்கென்றது. மறுநாள் மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு குருவிநத்தத்துக்குப் புறப்பட்டார்.

வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. மதகின் கட்டைச்சுவர்மேல் ஒரு சிறுமி காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, துண்டால் கெண்டைக்குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளை நிறுத்தி, குப்பம்மாள் வீடு எது என்று அவளிடம் கேட்டார்.

"நான்தான் குப்பம்மா. நீங்க நோட்டு டாக்டரா?"

டாக்டர் அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு மதகுன்னா பயமாச்சேம்மா?"

"முன்ன பயந்தேன். நைனா நோட்டு எடுத்தாந்தாரு இல்ல, அப்பவே போயிடுச்சு."

"அப்ப பனைமரம், மீசை, தண்ணிக்குள்ள புள்ளைங்க? அதெல்லாம் இன்னா?"

"மத்தியானம் இங்கதான் குந்திகினு யோசிச்சு வெப்பேன்," என்ற குப்பம்மாள், கரும்புக் கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"பயம் போயிடுச்சுன்னு நைனாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டரு. அப்பறம் அவரு எங்கிட்ட பேசவே மாட்டாரு."