அமலா கொண்டுவந்த பூ

அமலாவை நான் மன்னிக்கவில்லை. அவள் என் மனைவியின் கூடப் பிறந்த தங்கை. இருந்தாலும் முதலில் தப்பு செய்தவள் அவள்தான்.

நாகலட்சுமிக்கு முதல்தடவை மார்பில் புற்றுநோய் வந்தபோது, ஊசி மருந்தில் தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டது. வீட்டில் இருந்த கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம்.

அந்த வாரம் அமலா டாலிகஞ்சிலிருந்து வந்தாள். வழியில், நம்ம ஊர்ப் பூ கிடைக்கும் லேக் மார்க்கெட்டில் இறங்கி, கையில் ஒரு முழம் மல்லிகைப் பூவோடு வந்தாள்!

மொட்டைத் தலைக்காரிக்கு யாராவது பூ வாங்கி வருவார்களா?

பூவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன். "இனிமே இந்தப் படி ஏறாதே" என்று சொன்னேன். அவள் இறங்கிப் போனாள்.

அதுவரை நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன். என் பெண்டாட்டி தலையில் முடி வளர்ந்து, பூ வைத்து, அமலாவின் கண் முன்னால் நடக்க வேண்டும். அந்த வெறியிலேயே சிகிச்சை முடியும்வரை ஓடினேன்.

முடி வளர்ந்தது. கோபம் போகவில்லை. அமலா மகள் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை.

இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம் டாக்டர் மறுபடி அதையே சொன்னார். சின்ன வயசு வங்காளிப் பையன். நாகலட்சுமியை 'மாஷிமா', அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவான்.

"மாஷிமா, பழைய இடத்துல இல்ல. இது அந்தப் பக்கம். புதுசு."

நாகலட்சுமி வங்காள மொழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எப்ப ஆரம்பிக்கலாம்?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது நான்தான். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கியவன் நான். வீட்டுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு முதல் ஊசி. கிளம்பணும்ங்க" என்றாள் நாகலட்சுமி.

"என்னால இன்னொரு தடவை பார்க்க முடியாது."

"ஊசி எனக்கு. உங்களுக்கு இல்ல."

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கதவு திறந்தது. அமலா! கையில் அதே லேக் மார்க்கெட் மல்லிகை.

"முடி இருக்கிறப்பவே அக்கா வச்சுக்கட்டும் அத்தான். அப்புறம் வைக்க இடம் இருக்காது."

எனக்குக் காது சூடானது. "யாருடி உன்னை உள்ளே விட்டது?"

"நீங்க படுங்க அத்தான். வெந்நீர் வச்சுத் தரவா? அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன். இது உங்களால ஆகிற வேலை இல்ல."

"யாரால ஆகாது? கப்பலையே காலி பண்ணினவன்டி நான்!"

"கப்பலுக்குக் கிரேன் இருந்துச்சு. இங்க என்ன இருக்கு?"

நாகலட்சுமி புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

எழுந்தேன். கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டினேன். "என் பெண்டாட்டியை நான் கூட்டிட்டுப் போறேன். டாக்ஸியோட வர்றதுக்குள்ள இவ இங்க இருக்கக் கூடாது!"

தெருமுனையில் டாக்ஸி கிடைத்தது. வாசலில் நிறுத்தியபோதுதான் மூக்குக்கண்ணாடி மேலேயே கிடப்பது நினைவு வந்தது. "தாதா, ஒரு நிமிஷம்" என்று டிரைவரை வங்காளிகள்போல அண்ணன் என்று அழைத்துச் சொல்லிவிட்டுப் படி ஏறினேன்.

கதவு சாத்தவில்லை. உள்ளே பேச்சு கேட்டது.

"கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசிட்டேனாக்கா?"

"இன்னும் ரெண்டு சேர்த்திருக்கலாம். ஆளு எப்படி ஓடுறார் பாத்தியா? சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அமலாவின் குரல் இறங்கியது.

"மருந்து நாத்தம் குடலைப் புரட்டுது, தலைமாட்டுல வைக்க ஒரு முழம் பூ வாங்கிட்டு வாடின்னு அன்னிக்கு நீதானே கேட்டே. அதையாவது அத்தான்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா கோபம் இறங்கிடும். கோபம் இறங்கினா அவர் உக்காந்துடுவார். நீதானேடி சொன்னே, அத்தான் என்னைத் திட்டிக்கிட்டே எழுந்து நடக்கட்டும், நீ பிழைச்சா போதும்னு?"

"சொன்னேன்தான். இவ்வளவு வருஷம் திட்டுவார்னு நினைக்கல."

"இந்த ஒரு தடவையும் பொறுத்துக்கோ."

"சரி, திரும்பு. பூவை வச்சு விடறேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

முகத்தைத் துடைத்தேன். நாலு படி இறங்கி, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

"இன்னும் போகலையா நீ?" என்று அமலாவைப் பார்த்துக் கத்தினேன். குரல் நன்றாகவே வந்தது. "சரி, வந்து தொலை. முன் சீட்டுல உட்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கவனிக்காதவன்போல மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நாகலட்சுமியின் கையைப் பிடித்துப் படி இறக்கினேன்.

அமலாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கி வைத்ததற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டே தீர வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை இப்போது கேட்க மாட்டேன். சிகிச்சையெல்லாம் முடியட்டும். நாகலட்சுமியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டுதான் கேட்பேன்.